வல்லினத்தைத் திருப்பித் தந்த காது மிஷின்

முப்பத்தொரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். என் காதிலிருந்து முதலில் காணாமல் போனது வல்லினம்தான். மனைவி "படி" என்றாலும் "கடி" என்றாலும் "தடி" என்றாலும் எனக்கு "அடி" என்றே விழும். வயதானால் வருகிற காது மந்தம் உயர்ந்த அலைவரிசைகளைத்தான் முதலில் தின்னும். உயிரெழுத்துக்குத் தாழ்ந்த அலைவரிசையிலேயே வலு இருப்பதால் அது தப்பிவிடும். க், ச், த், ப் தேய்ந்துவிடும். "கேக்குது, ஆனா புரியல" என்று நாங்கள் புலம்புவது இதனால்தான். கத்திச் சொன்னாலும் பலனில்லை. கத்தும்போது பெரிதாவது உயிரெழுத்துதான்.

ஆறு வருடம் பழைய மிஷினோடு ஓட்டினேன். பழுப்பு நிற ஒட்டு உள்ள 312 பொத்தான் பேட்டரியை வாரத்துக்கு ஒன்று மாற்றுவேன். கைபேசியைக் காதருகில் கொண்டுபோனாலே 'கீ' என்று விசிலடிக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் புளூடூத் உள்ள, சார்ஜ் செய்கிற ஜோடியை வாங்கினேன்.

சும்மா காதில் மாட்டிக்கொண்டால் பழையதைவிடக் கொஞ்சம் தெளிவு, அவ்வளவுதான். கைபேசி அழைப்பு வரும்போதுதான் கொடுத்த காசு தெரிகிறது. மகள் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கிறாள். அங்கும் நம் சிங்கப்பூரிலும் ஒரே நேரம் என்பதால் பேத்தி தினமும் பசியாறும் வேளையில் கூப்பிடுவாள். நான்கு வயதுக் குரல், நூல்மாதிரி மெல்லிசு. முன்பெல்லாம் அந்தக் குரல் ஸ்பீக்கரிலிருந்து காற்றில் வந்து, மின்விசிறிச் சத்தத்தோடும் கீழே புளோக்கில் புல் வெட்டுகிற சத்தத்தோடும் கலந்துதான் மிஷினுக்குள் போகும். இப்போது நடுவில் காற்றே இல்லை. என் காதின் குறைக்கேற்ப சரிசெய்யப்பட்டு நேராக இரண்டு காதிலும் இறங்குகிறது. "தாத்தா" என்பதில் உள்ள ஒவ்வொரு 'த'வையும் எண்ணலாம்.

தொலைக்காட்சிக்கு ஒரு சின்னப் பெட்டி தனியாக வாங்க வேண்டும். ஆப்டிக்கல் கேபிளில் செருகினால் வசந்தம் செய்தி எனக்குள் மட்டும் ஓடும். முன்பு ஒலி அளவு 38. மனைவிக்கு 12 போதும். இப்போது அவள் 12 வைத்துக்கொள்கிறாள். பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கரையே அணைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

சட்டையில் மாட்டுகிற மைக்கும் உண்டு. தேக்கா உணவங்காடியில் அதை மேசைமேல் வைத்தபோது தட்டும் கரண்டியும் மட்டுமே கேட்டன. மனைவியின் வாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டியதும் பேச்சு வந்தது. கோயிலில் தவில் வாசிக்கும்போது எதுவும் உதவாது. கைபேசி ஆப்பில் ஒலியைக் குறைத்துவிட்டுச் சாமியைப் பார்க்க வேண்டியதுதான்.

இனிக் குறைகள். வாங்கிய கடையில் "எல்லா போனுக்கும் சேரும் அங்கிள்" என்றார்கள். என் ஆண்ட்ராய்டில் சேரவில்லை. காது மிஷினுக்கு ஒலி அனுப்பும் 'ஆஷா' என்கிற முறை ஆண்ட்ராய்டு 10லிருந்து வந்தது. ஆனால் எல்லாக் கைபேசியிலும் அது இருக்காது. ஆக, கைபேசியும் புதிது வாங்கினேன். அதோடு, இந்த முறையில் ஒலி ஒரு வழிதான். நாம் பேசுவதைக் கைபேசியின் மைக்தான் வாங்கிக்கொள்ளும். கைபேசியை மேசைமேல் விட்டுவிட்டு அடுப்பணைக்கப் போனேன். மகள் பேசுவது எனக்குக் கணீரென்று கேட்கிறது, "அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கத்துகிறாள். காதிலிருந்தே பேசும் வசதி சில மாடல்களில் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

தீபாவளி காலையில் வாட்ஸ்அப் வாழ்த்துகள் ஒவ்வொன்றும் மூளைக்குள் 'டிங்' என்றன. எண்ணெய் தேய்க்கும் முன்பே அறிவிப்புகளை அணைத்தேன்.

நிறையப் பேசினால் சார்ஜ் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுகிறது. இன்னொன்று: சின்ன மாடல்கள் சிலவற்றில் டெலிகாயில் என்கிற கம்பிச் சுருள் கிடையாது. காது கேளாதோருக்காக லூப், அதாவது ஒலியை நேராக மிஷினுக்கு அனுப்பும் கம்பி வளையம், போட்ட அரங்குகளில் அது வேண்டும். அதற்கு அடுத்த தலைமுறையான, புளூடூத்தில் ஒரே நேரத்தில் பலருக்கும் ஒலி அனுப்பும் ஆராகாஸ்ட் என்னுடையதில் இல்லை. இன்று வாங்கினால் இரண்டும் இருப்பதாகப் பார்ப்பேன்.

விலை, கைபேசியைச் சேர்க்காமலே, 5,000 வெள்ளியைத் தாண்டியது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு எஸ்எம்எஃப் என்கிற மூத்தோர் நிதியில், குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை உதவி உண்டு. வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். நான் பணம் கட்டிய பிறகுதான் கேட்டேன்.

கடைக்குப் போகும்போது உங்கள் கைபேசியையும், தினமும் உங்களோடு பேசுகிற ஆளையும் கூட்டிப் போங்கள். இரண்டாம் முறை நான் மனைவியோடு போனேன். மைக்கை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் போனவள், எனக்கு முதுகைக் காட்டியபடியே, "கத்திரிக்கா தீந்துபோச்சு, தேக்காவுக்குப் போவோமா?" என்றாள். கத்திரிக்காய் என்றே விழுந்தது.