லயத்தில் ஆய்வு: வினாக்கொத்தா, நேர்காணலா?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் அடையாளம் பற்றி ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு முதலில் வரும் கேள்வி இது. வினாக்கொத்து, அதாவது அச்சடித்த கேள்விப் பட்டியல், வேகமானது. ஹட்டன், பதுளை, மாத்தளை என்று பல இடத்துத் தோட்டங்களை ஒரே அளவுகோலில் ஒப்பிடலாம். சம்பளம், காணி, வீடு பற்றிப் பேச எண்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் ‘இனம்’ என்ற கட்டத்தில் சிக்கல். 1911 குடிசனக் கணக்கெடுப்பிலிருந்து வரும் ‘இந்தியத் தமிழர்’ என்ற பிரிவை அப்படியே அச்சடித்தால், தன்னை மலையகத் தமிழர் என்பவர் எங்கே அடையாளமிடுவார்?

நீண்ட நேர்காணலில் அவரே சொல்லிவிடுவார். 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் போனது, 1964 இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பின் குடும்பம் இரண்டு நாடாகப் பிரிந்தது எல்லாம் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய கடிதங்களோடு வெளியே வரும். அதனாலேயே பொறுப்பும் கூடுகிறது. லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு; அங்கே பேசுவது பக்கத்துக் காம்பிராவுக்கு (அறைக்கு) கேட்கும். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை உங்களைக் கூட்டிப்போய் நிறுத்தினால், லயத்து அக்கா தரும் சம்மதம் சம்மதமே அல்ல. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிறவரிடம் நேரம் கேட்பதும் சின்ன விஷயமில்லை.

என்னைக் கேட்டால், முதலில் பேச்சு, அப்புறம் வினாக்கொத்து. ‘இனம்’ கட்டத்தை வெறும் கோடாக விடுங்கள், அவர்களே எழுதட்டும்.