வைஃபை திருத்தக் கடைக்காரரைக் கூப்பிடுகிறவர்கள் கவனம் (வெள்ளவத்தை அனுபவம்)

போன மாதமே எழுத நினைத்தது. கோபத்தில் எழுதினால் வாயில் வரக்கூடாததெல்லாம் வரும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் எனக்கொரு பழைய டெஸ்க்டொப், மகளுக்கு லப்டொப், இரண்டுக்கும் ஒரே 4ஜி ரவுட்டர். காலி வீதியில் ஒரு கடையில் இரண்டையும் கொடுத்து விண்டோஸ் புதிதாகப் போட்டெடுத்த நாளில் பிடித்தது சனியன். காலையில் யார் முதலில் போடுகிறாரோ அவருக்கு இன்டர்நெட் வரும், அடுத்தவருக்கு வைஃபை கனெக்ட் ஆகும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. மகளுக்கு ஒன்லைன் வகுப்பு, எனக்கு ஒபிஸ் வேலை. ஐந்தரைக்கே எழும்பி ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சுவிட்சைத் தட்டுகிற நிலைக்கு வந்துவிட்டோம்.

அதே கடையிலிருந்து ஒரு தம்பி வந்தார். ரவுட்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், சூடாக இருக்கிறதாம். "அங்கிள், இது உள்ளுக்குள்ள போயிட்டுது, ரெண்டு மெஷினைத் தாங்காது." அந்த நேரம் மனைவி குசினியில் அதே வைஃபையில் போனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தா, நானும் மகளின் லப்டொப்பைத் திறந்து வைத்திருந்தேன். ரெண்டையே தாங்காதென்றால் மூன்றாவதாக அந்தப் போன் மட்டும் ஏன் ஓடுகிறது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்!

புது ரவுட்டர் 14,500, வந்து போனதற்கு 2,500. சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டு, டெஸ்க்டொப்பில் யூடியூப் ஓட்டிக் காட்டினார். பிறகு அதை மூடிவிட்டு லப்டொப்பில் காட்டினார். சரி என்று காசைக் கொடுத்தேன். பழையதை "கழிவுக்குப் போடுறோம்" என்று பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதித் தந்தார், கடைப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை.

அடுத்த நாள் காலை பழைய கதைதான்.

ஞாயிறு வந்த அக்காவின் மகன் பத்து நிமிடத்தில் பிடித்தான். இரண்டிலும் சி.எம்.டி. என்கிற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகன்ஃபிக் என்று அடித்தான், மெஷினின் ஐ.பி. இலக்கத்தை, அதாவது நெட்வேர்க்கில் அதற்குள்ள விலாசத்தை, அது காட்டுமாம். முதலில் போட்டதில் 192.168.1.10, மற்றதில் 169.254 என்று தொடங்குகிற ஏதோ ஒன்று. வைஃபை செட்டிங்ஸுக்குள் போனால் இரண்டிலும் ஐ.பி. அசைன்மென்ட் மேனுவல் (ரவுட்டர் தானாகக் கொடுக்காமல் கையால் போட்டது), இரண்டிலும் அதே 192.168.1.10! விண்டோஸ் போட்ட அன்று கடையில் கையால் கொடுத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரே இலக்கம் போட்ட இரண்டு வீட்டுக்குத் தபால்காரன் எப்படிக் கடிதம் கொடுப்பான்? அதனால்தான் பிந்தி வந்த மெஷினை விண்டோஸே ஒதுக்கி அந்த 169 இலக்கத்தைக் கொடுத்திருக்கிறது. இரண்டையும் ஓட்டமேட்டிக் ஆக்கினான், முடிந்தது. புது ரவுட்டரின் சொந்த இலக்கமும் பழையதைப் போலவே 192.168.1.1 தான், கையால் போட்ட இலக்கம் அதிலும் செல்லும், அதனால் பிழையும் அதோடு சேர்ந்து குடிவந்திருக்கிறது.

ஆகவே இப்படி யாராவது வந்தால் எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதுவரை காசில் கை வைக்காதீர்கள். போனில் வருகிறது, ஒரு கொம்பியூட்டரில் மட்டும் வரவில்லை என்றால் ரவுட்டரைக் குற்றம் சொல்ல விடாதீர்கள். பழைய சாமானைக் கொடுக்கவே வேண்டாம். பில் முக்கியம். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கத்தான் நினைத்தேன், அந்தத் துண்டைக் காட்டி யார் மீது முறையிடுவது?

கடையில் போய்க் கேட்டேன். "செட்டிங் எல்லாம் நீங்க மாத்தியிருப்பீங்க அங்கிள்" என்றார் முதலாளி. திரும்பும்போது கண்ணாடி அலுமாரியைப் பார்த்தேன். மகள் ஒட்டிய பூனை ஸ்டிக்கரைச் சுரண்டிய பசை அடையாளத்தோடு எங்கள் பழைய ரவுட்டர் உள்ளே இருக்கிறது. விலை 6,500.