ஹில் மாதிரியா, ஃபைனைட் எலிமென்ட்டா? நடை ஆய்வுக்கு எது தோது

நடக்கும்போது ஒவ்வொரு தசையும் எவ்வளவு விசை தருகிறது என்று கணினியில் கணக்கிடுவதற்கு நான் ஹில் வகை மாதிரியையே தேர்ந்தெடுத்தேன். முப்பரிமாண ஃபைனைட் எலிமென்ட் மாதிரியையும் கையாண்ட பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தேன். என் சாய்வை மறைக்கப்போவதில்லை.

ஏ.வி. ஹில் 1938இல் தவளைத் தசையில் கண்ட விசை-வேக உறவே (வேகமாகச் சுருங்கும்போது தசையின் விசை குறையும் என்பது) முதல் வகைக்கு அடித்தளம். சுருங்கும் பாகம், அதற்கு இணையாக ஒரு மீள்பாகம், தொடராக ஒரு தசைநாண் என முழுத் தசையும் ஒரு கோடாகிவிடும். இரண்டாவது வகையில் தசையின் வடிவத்தையே ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, கூறுக்குக் கூறு இழைத் திசையையும் நீட்சியையும் கணக்கிடுகிறோம். வேகத்தில் போட்டியே இல்லை. ஓப்பன்சிம் மென்பொருளின் 92 தசைக்கோடுகள் கொண்ட மாதிரியை ஒரு மடிக்கணினியே சமாளிக்கும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேகமல்ல. உள்ளே இடும் எண்களைச் சரிபார்க்க முடிகிறதா என்பதுதான்.

ஹில் மாதிரியில் ஒரு தசைக்கு முக்கியமாக ஐந்தே எண்கள்: உச்ச விசை, இழையின் உகந்த நீளம், தசைநாணின் தளர்நீளம் (இழுவிசை ஏறத் தொடங்கும் நீளம்), இழைச் சாய்வுக்கோணம், சுருங்கும் உச்ச வேகம். கெண்டைக்காலின் உள்ளடுக்கில் உள்ள சோலியஸ் தசையைப் பாருங்கள். வழக்கமான மாதிரிகளில் அதன் இழை ஏறத்தாழ 5 செ.மீ., தசைநாண் 25 செ.மீ. தசைநாணின் தளர்நீளத்தை வெறும் 5 சதவீதம் கூட்டி வைத்தால் 1.25 செ.மீ. கூடுகிறது. கணுக்கால் அதே கோணத்தில் நிற்கும்போது அந்த நீளத்தை இழைதான் விட்டுக்கொடுக்க வேண்டும். தன் நீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு! எந்த நீளத்தில் எவ்வளவு விசை தரமுடியும் என்று காட்டும் விசை-நீள வளைவின் உச்சியில் இருந்த இழை சரிவில் இறங்கிவிடுகிறது. குறையும் விசையை ஈடுகட்ட, சிமுலேஷன் அந்தத் தசையை மிகையாகத் தூண்டும், அல்லது பக்கத்தில் கெண்டைக்காலின் வெளியடுக்கில் உள்ள காஸ்ட்ராக்நீமியஸ் தசை மீது சுமையை ஏற்றும். வெளியே நடை மட்டும் சரியாகவே தெரியும். என்றாலும் எண்கள் ஐந்துதான் என்பதால் ஒவ்வொன்றாக மாற்றி, தூண்டல் வளைவை ஈ.எம்.ஜி. (தசையின் மின்செயல்பாடு) பதிவோடு வைத்துப் பார்த்துப் பிழையைப் பிடித்துவிடலாம்.

ஃபைனைட் எலிமென்ட்டில் இதே ஐயங்கள் தீர்வதில்லை, பெருகுகின்றன. இழைகளின் திசை, அபோநியூரோசிஸின் (தசைமேல் தகடாக விரியும் தசைநாண் பகுதி) தடிமன், இழைக்குக் குறுக்கான விறைப்பு, அண்டைத் தசைகளோடு தொடுகை ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றில் பலவற்றை உயிருள்ள மனிதரிடம் நேரடியாக அளக்க வழியில்லை. விலங்குத் தசையிலோ எடுத்த திசுவிலோ அளந்தவற்றைத்தான் இடுகிறோம். போதாததற்கு, தசை ஏறக்குறைய அமுங்காத பொருள். அதற்கேற்ற கூறுகளைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அவை உருமாற முடியாமல் பூட்டிக்கொண்டு, தசைக்கு உண்மையில் இல்லாத விறைப்பைக் காட்டும். விடை தவறினால் எந்த எண்ணைச் சந்தேகிப்பது? ஆள் மாறினால் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து மெஷ் (சிறு கூறுகளின் வலை) மறுபடி தொடங்க வேண்டும். பலரை ஒப்பிடும் நடை ஆய்வுக்கு இது கட்டுப்படியாகாது.

ஹில் மாதிரியிலும் குறைகள் உண்டு. பிட்டத்தில் உள்ள குளூட்டியஸ் மாக்சிமஸ் போன்ற அகன்ற தசையை மூன்று கோடுகளாகச் சுருக்குவது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இடுப்பு ஆழமாக மடங்கும்போது கோடு எலும்புக்குள் புகுந்து வெளிவருவதும் உண்டு. தசைக்கிழிவு பற்றிய கேள்வி என்றால் ஹில் மாதிரி கை கொடுக்காது. வேகமாக ஓடுபவர்களுக்குத் தொடையின் பின்புறமுள்ள பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீண்ட தலை பெரும்பாலும் மேல் இணைப்பருகே கிழிகிறது. மேல் அபோநியூரோசிஸ் குறுகலாக இருந்தால் நீட்சி அங்கே குவிவதை முப்பரிமாண மாதிரிகள் காட்டியிருக்கின்றன. தசை முழுவதற்கும் ஒரே நீட்சியைத் தரும் கோட்டால் அதைச் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட கேள்விக்கு, முழுக்காலையும் ஹில் மாதிரியில் ஓட்டி, கிடைக்கும் நீளத்தையும் தூண்டலையும் அந்த ஒரு தசையின் ஃபைனைட் எலிமென்ட் மாதிரிக்குக் கொடுப்பதே என் வழி. தனித் தசைக்கு இது எனக்குப் பயன்பட்டது. நாக்கு, இடுப்புத்தளம் போல இழைகள் பல திசையில் பின்னிக்கிடக்கும் தசைகளில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே என் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.