ஜூனியர் 60: ஆறு வருடப் பழக்கம்

என்னுடைய ஜூனியர் 60, ரேடியோவால் ஓட்டும் மாதிரி விமானம், முதன்முதலாகப் பறந்தது ஆறு வருடங்களுக்கு முன், ஒரு மே மாத மாலையில். குறிப்புக் கொப்பியில் இன்றைக்கு 412 பறப்புகள் இருக்கின்றன. இரண்டு பெரிய திருத்த வேலை, ஒருமுறை உடலுக்கும் வாலுக்கும் தோல் மாற்றம், ஒருமுறை பார்லி வயலுக்குள் நாற்பது நிமிடத் தேடல். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் முதல் இரண்டு வருடமும் நான் அதைப் பறக்கவிட்ட விதம் பிழை. அதைப் பற்றித்தான் இங்கே கனக்க எழுதப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. இங்கிலாந்தின் கீல்கிராஃப்ட் நிறுவனத்துக்காக 1946 இல் ஆல்பர்ட் ஹாட்ஃபுல் வடிவமைத்த விமானம் இது. இறக்கை நுனிக்கு நுனி 60 அங்குலம், அதுதான் பெயரில் இருக்கும் எண். அந்தக் காலத்தில் இதற்கு ரேடியோ கிடையாது. எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், நின்றதும் விமானம் தானாகவே வட்டமிட்டுச் சறுக்கி இறங்கும். கையை விட்டுப் போன பிறகு கீழே நிற்பவரால் ஒன்றுமே செய்ய முடியாது. பிறகு ரேடியோ வந்தபோது, வால்வு (பழைய வெற்றிடக் குழாய்) ரிசீவரையும் அதற்கான பாரமான பற்றரிகளையும் சுமக்க இதன் அகன்ற வயிறு தோதாக இருந்தது. ஒரே ஒரு பொத்தான்: அழுத்தினால் ரடர் (வாலில் நிற்கும் திருப்புப் பலகை) ஒரு பக்கம், விட்டால் நடு, மறுபடி அழுத்தினால் மற்றப் பக்கம். அந்தப் பொத்தானோடு ஓரளவு சொன்ன இடத்துக்கு விமானத்தைக் கொண்டுவந்தார்கள் என்றால், அது முதலில் தானாகவே ஒழுங்காகப் பறந்திருக்க வேண்டும்.

என்னுடையது பால்சா கிட், வெட்டிய இலேசான மரத் துண்டுகளை நாமே ஒட்டிக் கட்டுவது. இன்றைக்கும் சிலர் இதை வெட்டி விற்கிறார்கள். நான் வாங்கிய பெட்டியில் மரம் ஒரே தரமாக இல்லை. உடலின் நீளவாட்டுக் குச்சியான லாஞ்சரான் ஒரு பக்கம் இறுக்கமான பால்சா, மற்றது பஞ்சு மாதிரி. அப்படியே ஒட்டினால் உடல் வாழைப்பழமாக வளையும் என்று கடையில் வேறு குச்சிகள் வாங்கிப் போட்டேன். ரடர், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை), த்ராட்டில் (மோட்டார் வேகம்) என்று மூன்று சானல்தான், இறக்கையைச் சாய்க்கும் எய்லரான் கிடையாது. மின் மோட்டார், 3 செல் 2200 மில்லிஆம்பியர்-மணி லிப்போ பற்றரி, 11 அங்குல புரொப்பெல்லர். எல்லாம் சேர்ந்து 1.9 கிலோ. அமைதியான மாலையில் கால்பங்கு த்ராட்டிலில் 15 நிமிடம் தாராளமாகச் சுற்றுகிறது.

சரி, பிழைக்கு வருகிறேன்.

பழைய எஞ்சின் பாரம். மின் மோட்டார் இலேசு. அதனால் மூக்கு இலேசாகிவிட்டது. வால் பாரமானால் விமானம் கைக்கு அடங்காது என்ற பயத்தில் மூக்குக்குள் 85 கிராம் ஈயம் வைத்தேன். மூக்குப் பாரம் கூடியதால் எலிவேட்டரை மேல் ட்ரிம் பண்ணவேண்டி வந்தது, அதாவது டிரான்ஸ்மிட்டரில் (கையில் பிடிக்கும் ரேடியோப் பெட்டி) பலகையின் நடு நிலையைக் கிளிக் கிளிக்காக நகர்த்துவது. இறங்கும்போது அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் த்ராட்டிலைத் தள்ளினவுடன் மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறப் பார்த்தது. உடனே கீழ் ட்ரிம் நாலு கிளிக். மோட்டாரைக் குறைத்ததும் அதே நாலு கிளிக்கால் மூக்குக் குத்தி ஓடியது. திரும்ப மேல் ட்ரிம். இப்படி இரண்டு வருடம். ஒரு பறப்பில் இருபது தடவை ட்ரிம்மை நோண்டியிருப்பேன். இந்த விமானம் இப்படித்தான் என்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், வெட்கம்.

எங்கள் கழகத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். ஒருநாள் என் டிரான்ஸ்மிட்டரை வாங்கி எல்லா ட்ரிம்மையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, 'இனி இதைத் தொடாதே, விமானத்தைத் தொடு' என்றார். அந்த நேரம் எனக்கு ஊர்ப் பட்டம் ஞாபகம் வந்தது. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் விட்ட ஆள் நான். பட்டம் ஒரு பக்கம் சரிந்து குத்தினால் கீழே நின்று நூலை வெட்டி வெட்டி இழுத்து என்ன பயன்? இறக்கி முச்சையை (பட்டத்தை நூலோடு பிணைக்கும் கட்டு) அவிழ்த்து, அரை விரல் தள்ளி, திரும்பக் கட்ட வேண்டும். இவ்வளவு தெரிந்தவன் டிரான்ஸ்மிட்டரைக் கையில் வாங்கியதும் எப்படி மறந்தேனோ.

அந்தக் கோடை முழுக்க முச்சை கட்டும் வேலைதான். முதலில் மேசையில் வைத்து இறக்கையின் முறுக்கை அளந்தேன். இடது இறக்கையின் பின் விளிம்பு நுனிப் பக்கத்தில் 3 மி.மீ. தாழ்ந்திருந்தது. அதாவது அந்தப் பக்கம் தூக்கும் விசை கூட, விமானம் எப்போதும் வலப் பக்கம் சாயும். நான் அதை ரடர் ட்ரிம்மால் மறைத்து வைத்திருக்கிறேன்! கெட்டில் ஆவியில் காட்டி, எதிர்ப் பக்கமாக முறுக்கி, ஆறும்வரை பிடித்தால் நேராகும். டிஷ்யூவும் (மெல்லிய தாள்) டோப்பும் (அதை இறுக்கும் வார்னிஷ்) போட்ட இறக்கைக்குத்தான் இந்த வைத்தியம்.

அடுத்தது சி.ஜி., அதாவது விமானத்தின் பாரம் சமனாகும் இடம். ஈயத்தை முழுக்க எடுத்துவிட்டு, பற்றரித் தட்டை ஃபயர்வாலோடு (மோட்டாருக்குப் பின்னால் நிற்கும் மூக்குத் தட்டு) ஒட்டும்படி முன்னால் தள்ளினேன். பிளானில் காட்டிய இடத்துக்கு 12 மி.மீ. முன்னால் இப்போது நிற்கிறது. பிளானில் உள்ள இடம் ரேடியோ இல்லாத காலத்துக்கானது. இதன் வால் தட்டும் வளைந்த மேல்பக்கத்தோடு தன் பங்குக்குத் தூக்கும், அதனால்தான் சி.ஜி. அவ்வளவு பின்னால். ரேடியோவோடு வேகமாக ஒரு டைவ் போனால், வாலும் சேர்ந்து தூக்கி மூக்கை இன்னும் கீழே அமுக்கும். கொஞ்சம் முன்னால் வைத்தால் நிம்மதி. 85 கிராம் ஈயம் வைப்பது நிம்மதியில்லை, பயம்.

பிறகு கையால் எறிந்து பார்ப்பது. எறிவது என்பதே பிழையான சொல். காற்று விழுந்த மாலையில், புல் முழங்காலளவு வளர்ந்த இடமாகப் பார்த்து, மோட்டார் இல்லாமல், காற்றுக்கு முகம் கொடுத்து நாலைந்து அடி ஓடி, இறக்கை கையில் தூக்குவது தெரிந்ததும் விட வேண்டும். மூக்கு அடிவானத்துக்கு ஒரு சொட்டுக் கீழே. பற்றரி உள்ளே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பாரம் மாறிவிடும். அலை அலையாக மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் இறக்கையின் பின் விளிம்புக்குக் கீழே மெல்லிய பிளைவுட் துண்டு வைக்கலாம். குத்தி ஓடினால் முன் விளிம்புக்குக் கீழே. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், அதையும் எழுதி வைக்கவேண்டும். எனக்குப் பதினொரு முறை எடுத்தது. பதினொராவது முறை அது புல்லில் வந்து இருந்த விதத்தைப் பார்த்துப் பெரியவர் தன் கதிரையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சறுக்கல் சரியான பிறகுதான் மோட்டாரைத் திருத்தவேண்டும். இங்கே எலிவேட்டரைத் தொட்டால் திரும்பவும் பழைய கதை. மோட்டார் தாங்கியின் மேல் இரண்டு போல்ட்டுக்கும் பின்னால் 1 மி.மீ. வாஷர் இரண்டிரண்டு போட்டேன். கிட்டத்தட்ட 3 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கும். முழு த்ராட்டிலில் மூக்கைத் தூக்கும் வெறி அதோடு போய்விட்டது. புரொப்பெல்லர் சுழலும் எதிர்விசை விமானத்தை இடப் பக்கம் சாய்க்கும், அதற்கு இடப் பக்கப் போல்ட்டுகளில் இன்னும் ஒவ்வொரு வாஷர். இதெல்லாம் முடிய, ட்ரிம் பூச்சியத்தில் நிற்க, ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்தால் அது பெரிய வட்டமாகத் தானே ஏறுகிறது. த்ராட்டிலை மூடினால் தானே இறங்குகிறது.

பறக்கவிடும்போது தெரிந்திருக்கவேண்டியவை சில. ரடரைத் திருப்பினால் முதலில் மூக்குத்தான் திரும்பும். இறக்கை வி வடிவில் இருப்பதால் அரை வினாடி கழித்துச் சாயும். எய்லரான் பழகியவர்கள் அந்த அரை வினாடியைப் பொறுக்காமல் இன்னும் கொஞ்சம் ரடர் கொடுப்பார்கள், அது சுருண்டு கீழே பாயும். நான் ரடரை வலது ஸ்டிக்கில் வைத்திருக்கிறேன், எய்லரான் இருக்கவேண்டிய இடத்தில். காற்றடிக்கும் நாளில் வீட்டில் இருங்கள். இதன் வேகத்துக்கு மணிக்குப் பத்து மைல் காற்றே போதும், எதிர்க்காற்றில் முன்னால் நகரக் கஷ்டப்படும். இறங்கும்போது மிதந்துகொண்டே போகும், முதல் மாதம் முழுக்க நான் திடலைத் தாண்டித்தான் இறக்கினேன்.

மேலே எழும் வெப்பக் காற்று இன்னொரு சங்கதி. இரண்டாம் வருட ஆகஸ்டில் மோட்டாரை நிறுத்திய பிறகும் ஏறிக்கொண்டே போனது. இங்கே பொதுவாக 400 அடிதான் சட்ட எல்லை, அதை நெருங்கிவிட்டது. மூக்கைக் குத்தி இறக்கப் பார்த்தால் வேகம் கூடி இறக்கை முறிந்துவிடும். எலிவேட்டரை முழுக்க இழுத்து, ரடரை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளி, பம்பரம் மாதிரிச் சுழற்றித்தான் இறக்கினேன். ரேடியோ இல்லாத காலத்தில் இதற்கென்று ஒரு திரியைக் கொளுத்தி விடுவார்களாம். அது எரிந்து ரப்பர் பாண்டை அறுக்க, வால் தட்டு மேலே கிளம்பி, விமானம் தட்டையாக விழும். உடலில் முகவரியும் எழுதி ஒட்டுவார்கள். என்னுடையதிலும் ஒட்டியிருக்கிறேன், பதிவு எண்ணுக்குப் பக்கத்தில்.

தோல் பற்றி: டிஷ்யூவும் டோப்பும் பார்க்க அழகு, ஆனால் அறுவடை முடிந்த வயலின் தாள்கட்டை ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை போடும். மூன்றாம் வருடம் உடலையும் வாலையும் நைலான் துணிக்கு மாற்றினேன். 70 கிராம் கூடியது, பறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. டோப் மணத்துக்கு வீட்டில் வாங்கிய ஏச்சு வேறு கணக்கு. இறக்கையைக் கட்டும் ரப்பர் பாண்டுகள் எட்டு, கடைசி இரண்டும் குறுக்காக. வெடிப்பு விழுந்ததைப் போடவே வேண்டாம்.

நான்காம் வருடம் ரடர் சர்வோ (ரடரை அசைக்கும் சிறு மோட்டார்) ஆகாயத்திலேயே செத்தது. மலிவு என்று வாங்கியது, நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஸ்டிக்கை ஆட்டுகிறேன், அசைவே இல்லை. த்ராட்டிலை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது தன் பாட்டுக்கு வட்டமிட்டு, வட்டமிட்டு, காற்றோடு மெதுவாக நகர்ந்து பார்லி வயலுக்குள் போய் இருந்தது. தேடி எடுத்தபோது ஒரு சக்கரம் மட்டும்தான் வளைந்திருந்தது. முதல் இரண்டு வருடத்தில் இது நடந்திருந்தால் பொறுக்கிக்கொண்டு வரத்தான் பை தேவைப்பட்டிருக்கும்.

போன மாதம் திடலில் நிற்கும்போது அப்பாவுக்கு வீடியோ அழைப்பெடுத்துக் காட்டினேன். பட்டம் கட்டிய கை அவருடையது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "தம்பி, அது வலப் பக்கமா இழுக்குதெல்லோ?" என்றார். இல்லையப்பா, காற்று என்றேன். வீட்டுக்கு வந்து மேசையில் வைத்து அளந்தால் இடது இறக்கை, அதே இடம், 2 மி.மீ. குளிர்காலம் முழுக்க ஈரக் கொட்டிலில் கிடந்திருக்கிறது. கெட்டிலை வைத்துவிட்டு அப்பாவுக்குத் திரும்ப அழைத்தேன்.