கோட்டை வழியா, முற்றவெளி வழியா? திருமலையை நடந்து பார்க்க

திருமலை என்று நாம் சொல்லும் திருகோணமலையின் பழைய கட்டடங்களை நடந்து பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிரெட்ரிக் கோட்டை வாசலில் தொடங்கி கோணேசர் கோயில் வரை ஏறுவது. மற்றது, முற்றவெளி மைதானம், பழைய சவக்காலை (கல்லறைத் தோட்டம்), பத்திரகாளி அம்மன் கோயில் என்று உள்துறைமுகப் பக்கம் இறங்குவது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கோட்டைக்கே போங்கள். ஆனால் ஓட்டோவில் ஏறிக் கோயிலடியில் இறங்காதீர்கள்.

காரணம் வாசலிலேயே இருக்கிறது. அங்குள்ள கல்லில் பாண்டியரின் இணைக்கயல், அதாவது இரட்டை மீன் சின்னம், செதுக்கியிருக்கிறது. கூடவே சிதைந்த தமிழ் எழுத்துகள். கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனைப் பற்றி, "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் பாட்டு ஊரில் பலருக்கு மனப்பாடம். கல்லிலோ துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர், 1782இல் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர் என்று கோட்டை கை மாறியது. அந்த மீன்களை ஒருவரும் அழிக்கவில்லை. ஐந்து நிமிடமாவது அங்கே நில்லுங்கள். வாகனத்தில் போகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

உள்ளே இன்றும் இராணுவ முகாம்தான், படம் எடுக்கும்போது கவனம். மர நிழலில் மான்கள் மேயும். மேலே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு, அதற்குக் கீழே செங்குத்தாகக் கடல். 1950இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பழைய செப்புத் திருமேனிகளைக் கோயிலில் கும்பிடலாம். இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். உச்சி வெயிலில் போனால் வெறுங்காலில் கல் சுட்டுவிடும்.

முற்றவெளி வழியில் நிழல் குறைவு, பார்க்க வேண்டியவையும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. இந்தப் பக்கத்து இன்னொரு பழைய கோட்டையான ஒஸ்டென்பர்க் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் நினைத்தபடி நுழைய முடியாது. ஆனாலும் சவக்காலைக்காகவே இந்த வழியை நான் விடமாட்டேன். பேர்சி மோல்ஸ்வேர்த் என்ற பொறியியல் படை அதிகாரியின் கல்லறை அங்கே இருக்கிறது. திருமலையில் தொலைநோக்கி வைத்து வியாழனையும் செவ்வாயையும் பார்த்து வரைந்தவர். 1908இல் இங்கேயே இறந்தார். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு இவர் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய இடம் இது.

முதன்முறை வருகிறவர்களும் வயதானவர்களோடு வருகிறவர்களும் கோட்டைக்குப் பின்னேரம் போங்கள். கோணேசரை ஏற்கெனவே கும்பிட்டவர்கள் வெயில் ஏறமுன் சவக்காலையைப் பார்த்துவிட்டு, பத்திரகாளி கோயிலுக்குப் போய், கடைசியில் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் இருக்கும் கடற்படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.