"எல்லா சீசனுக்கும் ஏத்த வீடு" பேக்கேஜ் – சென்னைல வீடு கட்டப்போறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி படிங்க

வண்டலூர் தாண்டி சொந்த மனைல வீடு கட்டினோம். டிசைனர் பேரை போடல, கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் இருக்கு. ஆனா இதே ஆள் இப்பவும் அதே பேக்கேஜை வித்துட்டு தான் இருக்கார், அதனால நடந்ததை மட்டும் சொல்லிடறேன்.

ஆல் சீசன் டிசைன்னு சதுர அடிக்கு 60 ரூபா எக்ஸ்ட்ரா. வெயில் காலத்துல ஏசி தேவைப்படாது, மழைல ஒரு சொட்டு உள்ள வராதுன்னு பேச்சு. கலர் கலரா த்ரீடி படம், சூரியன் எங்க இருந்து வருது காத்து எப்படி போகுதுன்னு அம்புக்குறி போட்ட ஷீட் எல்லாம் குடுத்தாங்க. வடக்கு பக்கம் ஹாலுக்கு தரைல இருந்து சீலிங் வரைக்கும் கண்ணாடி, மேல சன்ஷேட் கிடையாது. ஏன் சார்னு கேட்டதுக்கு "நார்த் சைடுல வெயிலே விழாது மேடம், சன்ஷேட் போட்டா எலிவேஷன், வெளித்தோற்றம் கெட்டுடும்"னார். ஈசானிய மூலை திறந்திருக்குன்னு வாஸ்து பாக்க வந்தவரும் தலையாட்டிட்டு போயிட்டார், அவருக்கு தனியா தட்சிணை வேற.

மே மாசம் குடி போனோம். காலைல இருந்தே அந்த கண்ணாடி வழியா வெயில் ஹால் டைல்ஸ் மேல விழுந்துச்சு, சோபா துணி ஒரு பக்கம் மட்டும் வெளுத்து போச்சு. நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கால 13 டிகிரில இருக்கு, ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் மத்தியான சூரியன் நம்ம தலைக்கு வடக்கால தான் போகும், அதாவது சரியா கொளுத்துற மாசங்கள்ல வடக்கு சுவருக்கும் வெயில் உண்டு. அப்புறம் நவம்பர்ல வடகிழக்கு பருவமழை, பேர்லயே இருக்கு எந்த பக்கத்துல இருந்து வரும்னு, காத்தோட சேர்ந்து அடிச்சதுல கண்ணாடி ஃபிரேமோட அடி இடுக்கு வழியா தண்ணி உள்ள வந்து எங்க அத்தை பழைய புடவையெல்லாம் சுருட்டி அணை கட்டி வெச்சாங்க.

கடல் காத்து வர்ற கிழக்கு பக்கம்? அங்க வார்ட்ரோபும் பாத்ரூமும். மேற்கு பெட்ரூம் ஜன்னலுக்கு மட்டும் ரெண்டடி சன்ஷேட் போட்டிருந்தார், நாலு மணிக்கு மேல சூரியன் கீழ இறங்கிடும், அது சன்ஷேடுக்கு அடியில நேரா கட்டில்ல வந்து விழும், அங்க தேவை செங்குத்தா நிக்கிற தடுப்போ மரமோ தான், இல்லன்னா மாடிப்படி ஸ்டோர் ரூம் மாதிரி எதையாவது மேற்கால தள்ளியிருக்கணும்.

இதெல்லாம் தப்பு கணக்குன்னு தான் நினைச்சிட்டு இருந்தோம். சிவில் படிக்கிற என் தம்பி பையன் பொங்கலுக்கு வந்தப்ப அந்த அம்புக்குறி ஷீட்டை போன்ல பெருசு பண்ணி பாத்துட்டு "அத்தை, இது சென்னைக்கு போட்டதே இல்ல"ன்னான். சூரியன் வட்டம் படத்துக்கு கீழ எறும்பு சைஸ் எழுத்துல 28.6 டிகிரின்னு இருக்கு. அது டெல்லி! யாருக்கோ டெல்லி பக்கம் போட்ட பிளானை எடுத்து கீழ இருக்கற பேரை மட்டும் மாத்தி எங்க தலைல கட்டியிருக்கார். அங்க மத்தியான சூரியன் எந்த மாசமும் வடக்கால வராது, வடக்கு கண்ணாடி சரி தான். தெற்கு ஜன்னல் கிட்ட குளிர்கால வெயில் உள்ள வரணும்னு ஒரு அம்பு வேற இருந்துச்சு, தாம்பரம் தாண்டி யாருங்க குளிர் காயறாங்க?

மொட்டை மாடி தனி கதை. அக்ரிமென்ட்ல சூடும் தண்ணியும் கீழ இறங்காம இருக்க செங்கல் ஜல்லி சுண்ணாம்பு மூணு இஞ்ச் போட்டு தட்டி, மேல தட்டோடு, அதாவது தட்டையான ஓடு ஒட்டணும்னு இருக்கு. போட்டது வெறும் சிமெண்ட் பூச்சு, அதுக்கு மேல வெள்ளை அடிச்சு, வெயிலை திருப்பி அனுப்பற கூல் ரூஃப் பெயிண்ட்னு பில். அந்த டப்பா ஒண்ணு செப்டிக் டேங்க் பக்கம் கிடந்துச்சு, சாதாரண வெளிச்சுவர் பெயிண்ட். வாட்டமும் சரியில்ல, மழை விட்டப்புறமும் நடுவுல தண்ணி தேங்கி நிக்குது, ராத்திரி பத்து மணிக்கு கட்டில் மேல ஏறி சீலிங்ல கை வெச்சா இன்னும் சூடு இருக்கும். போன் பண்ணா "மேடம், செட் ஆக ஒரு சம்மர் ஆகும்"னார். அதுக்கப்புறம் போனே எடுக்கல.

விசிட்டிங் கார்டுல ஆர்க்கிடெக்ட்னு போட்டிருந்தார், அதுவும் பொய். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணவங்க தான் அந்த பட்டத்தை போட்டுக்கலாம், சிஏன்னு ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், அந்த கவுன்சில் வெப்சைட்லயே தேடலாம். நாங்க தேடினோம், இவர் பேர் இல்ல.

கன்ஸ்யூமர் கேஸுக்கு வக்கீல் கட்டாயம் இல்ல, நாம குடுத்த பணம் 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையத்துலயே போடலாம், ஆனா பிரச்சனை ஆரம்பிச்ச ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அந்த ஷீட், பெயிண்ட் டப்பா போட்டோ, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் வெச்சிருக்கோம். இந்த மாதிரி பேக்கேஜ் யாராவது வித்தா முதல்ல அவர் சூரியன் படத்துல எந்த ஊர் டிகிரி போட்டிருக்குன்னு பாருங்க, மாடி முடிஞ்சதும் தண்ணி கட்டி ரெண்டு நாள் விட்டு பாக்காம கடைசி பேமெண்ட் குடுக்காதீங்க.

தாம்பரம் செங்கல்பட்டு பக்கம் சுண்ணாம்பு ஜல்லி போட்டு தட்டோடு ஒட்ட தெரிஞ்ச பழைய மேஸ்திரி யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், அக்டோபருக்கு முன்னாடி முடிக்கணும்.