வெள்ளைக் கட்டடத்துக்குள் விளக்கு: லெகோ ரிப்பன் மாளிகையில் எல்இடி

நானே வடிவமைத்துக் கட்டிய லெகோ ரிப்பன் மாளிகைக்குள் எல்இடி போட்டு சில வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் கொலுவில் ஒன்பது நாளும் எரிகிறது, மற்ற நாளில் ஹாலில் இருக்கிறது.

சென்னை மாநகராட்சி அலுவலகமான அந்தக் கட்டடம் 1913இல் திறந்தது, முழுக்க வெள்ளை. தொல்லையே அதுதான். வெள்ளைக் கட்டை வெளிச்சத்தைத் தடுக்காது. உள்ளே விளக்கைப் போட்டால் ஜன்னலோடு சுவரும் சேர்ந்து ஒளிரும், கட்டைகளின் இணைப்புக் கோடெல்லாம் பளிச்சென்று தெரியும். பக்கத்தில் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனைச் சிவப்பில் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. நான் உள்பக்கம் கறுப்புக் கட்டையில் இன்னொரு சுவர் எழுப்பினேன். அதற்கு ஒரு ஸ்டட் அகலம் (கட்டையின் மேல் ஒரு குமிழுக்கான இடம்), அதாவது 8 மி.மீ. போகும். கடிகாரக் கோபுரத்தில் அந்த இடம் கிடையாது, அங்கே மட்டும் அலுமினியம் ஃபாயில். ஃபாயிலில் கரண்ட் பாயும் என்பதால் மேலே இன்சுலேஷன் டேப் அவசியம்.

எல்இடி, ஒயர் பற்றவைத்தே வரும் பொடி ரகம்: 2 மி.மீ. நீளம், தலைமுடிபோல மெல்லிய, எனாமல் என்ற காப்புப் பூச்சுள்ள ஒயர். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தாராளமாக நுழையும். ஆனால் ஸ்டட்டுகளின் இடைவெளியில்தான் ஒயரைக் கொண்டுபோக வேண்டும். ஸ்டட்டின் மேல் வைத்து அழுத்தினால் எனாமல் உரியும், சில சமயம் ஒயரே அறுந்துவிடும்.

கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 5 வோல்ட்டில் வெள்ளை எல்இடிக்கு 220 ஓம் போடச் சொல்வார்கள். எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 2 வோல்ட்டுக்குச் சுமார் 9 மில்லிஆம்பியர் ஓடும். இவ்வளவு சின்ன அறைக்கு அது கல்யாண மண்டப வெளிச்சம். நான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 1 கிலோ ஓம் போட்டேன். 2 மில்லிஆம்பியர்தான், கண்ணுக்கு இதம். நிறம் வார்ம் ஒயிட்.

இப்படிக் குறைத்ததில் பவர் பேங்க் ஒத்துழைக்கவில்லை. மொத்தமே சில பத்து மில்லிஆம்பியர் என்பதால், எதுவும் சொருகவில்லை என்று நினைத்துக் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது. வீட்டில் சும்மா கிடந்த பழைய மொபைல் சார்ஜர்தான் சரிப்பட்டது. பட்டன் செல் கொலுவுக்குத் தாங்காது. நாளுக்கு நாள் மங்கும்.

ரெசிஸ்டர், கனெக்டர், சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் ஷ்ரிங்க் ட்யூப் எல்லாம் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். ஷ்ரிங்க் ட்யூபுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் வீடு திருவான்மியூரில், கடல் காற்று நேராக அடிக்கும். இத்தனை காலத்தில் ஒரு எல்இடிகூடப் போகவில்லை. போனதெல்லாம் முறுக்கி விட்ட இணைப்புகள்தான், செம்பு பச்சை பூத்துவிட்டது. ஈயம் வைத்து ட்யூப் போட்டவை அப்படியே இருக்கின்றன. மாடிக்கு மாடி ஒரு கனெக்டர் வைத்திருப்பதால், பழுது வந்தால் அந்த மாடியை மட்டும் கழற்றுகிறேன்.

ரெடிமேட் லைட் கிட் அந்தந்த லெகோ செட்டுக்கென்றே ஒயர் நீளம் கணக்குப் போட்டு வருவது. சொந்த மாடலுக்கு அது தோதுப்படாது.

கொலுவுக்கு வருகிற பிள்ளைகள் கலர் மாறாதா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். நிறம் மாறும் எல்இடிக்கு மின்சாரத்துக்கு இரண்டு ஒயர், தகவலுக்கு ஒன்று, தனியாகக் கன்ட்ரோலர் வேண்டும். முழு வெளிச்சத்தில் ஒன்றே 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். எனக்கு வார்ம் ஒயிட்டே போதும்.